கசியாத கோளாறு
கேஸ் பைப் பிட்டர் செய்முறைத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு

இம்மாதத் தொழில் வழிகாட்டல் பகுதியில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நகர எரிவாயு பைப் பிட்டர் பயிற்சி முடித்த நம் பிள்ளைகள் பலர் எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள். மரை வெட்டுவது, குழாய் வளைப்பது, கிளாம்ப் அடிப்பது எல்லாம் கைவந்த வேலையாக இருக்கிறது. ஆனால் செய்முறைத் தேர்வில் "இந்த இணைப்பில் உள்ள கோளாறுகளைக் கண்டுபிடி" என்ற பகுதி வந்தால் தடுமாறுகிறார்கள். ஏன் என்று பயிற்சி ஆசிரியர்களிடமும், தேர்வு நடத்த வந்தவர்களிடமும் உட்கார்ந்து கேட்டேன். நான் ஸ்பேனர் பிடித்து வேலை செய்தவன் இல்லை. கேட்டதையும் படித்ததையும் வகுப்பில் நின்று பார்த்ததையும் வைத்தே எழுதுகிறேன்.

இந்தத் தொழிலுக்கு இப்போது ஏன் மவுசு என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். எண்ணூரில் 2019-ஆம் ஆண்டு திரவ இயற்கை எரிவாயு முனையம் திறக்கப்பட்டது. காவிரிப் படுகையிலும் இராமநாதபுரம் மாவட்டத்திலும் நிலத்தடியிலிருந்தே எரிவாயு கிடைக்கிறது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம், பகுதி பகுதியாக நிறுவனங்களுக்கு அனுமதி கொடுத்து வருகிறது. தெருவில் குழாய் வந்துவிட்டால், அதை ஒவ்வொரு வீட்டு அடுப்பங்கரைக்கும் கொண்டுபோகப் பிட்டர் வேண்டும்.

தேர்வு எப்படி நடக்கும்?

பெரும்பாலும் ஒரு மரப்பலகைச் சுவரில் ஒரு வீட்டு இணைப்பையே பொருத்தி வைத்திருப்பார்கள். வெளிப்புறக் குழாய், அடைப்பு வால்வு, ரெகுலேட்டர், மீட்டர், ஜி.ஐ. பைப், கொஞ்ச தூரம் செம்புக் குழாய், அடுப்புக்குப் பக்கத்தில் இன்னொரு வால்வு, ரப்பர் ஹோஸ், அடுப்பு. இதில் வேண்டுமென்றே சில தவறுகளைச் செய்து வைத்திருப்பார்கள். எத்தனை தவறு என்று சொல்ல மாட்டார்கள். கையில் ஒரு படிவம் கொடுத்து, நேரம் குறித்துவிட்டு, தேர்வாளர் ஒரு ஓரமாக நின்றுகொள்வார்.

பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? நேராக சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கிறார்கள். இணைப்புகளில் பூசுகிறார்கள். எங்காவது ஒரு எல்போவில் நுரை பொங்கினால் முகம் மலர்ந்துவிடுகிறது. "கிடைச்சிருச்சு சார்!" அதை இறுக்கி, மேனோமீட்டரை மாட்டி, அழுத்தம் இறங்காமல் நிற்பதைக் காட்டி, "நார்மல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பலகையில் இன்னும் ஐந்து கோளாறுகள் இருந்திருக்கும். அவற்றில் ஒன்றுகூட அன்று கசிந்திருக்காது.

இந்தப் பாடத்தில் பிள்ளைகள் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். கசிவுச் சோதனை ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை சொல்லும்: இந்தக் குழாய் இந்த நேரத்தில், இந்த அழுத்தத்தில் காற்றை வெளியே விடுகிறதா? நாளை விடுமா, அடுத்த மழைக்காலத்தில் விடுமா, வீட்டு அம்மா அவசரத்தில் வால்வை அடைக்க ஓடும்போது கைக்கு எட்டுமா, இதையெல்லாம் மேனோமீட்டர் சொல்லாது. அது கண்ணாலும் கையாலும் பார்க்க வேண்டியது.

முதலில் கைகளைக் கட்டிக்கொண்டு பாருங்கள்

எங்கள் வகுப்பில் பாடம் எடுக்கும் ஆசிரியர் குவைத்தில் பல ஆண்டுகள் இதே வேலை பார்த்துத் திரும்பியவர். அவர் பிள்ளைகளைப் பலகைக்கு முன்னால் நிறுத்தி, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்வார். எந்தக் கருவியும் கிடையாது. எரிவாயு எந்த வழியே போகிறதோ அதே வழியே கண்ணை ஓட்ட வேண்டும். வெளி வால்வில் தொடங்கி அடுப்பு பர்னரில் முடிக்க வேண்டும். நடுவில் எங்காவது கோளாறு கண்ணில் பட்டால் அங்கேயே நின்றுவிடாமல் குறித்துக்கொண்டு மேலே போக வேண்டும். பார்க்கச் சின்னப் பிள்ளைகள் விளையாட்டுப் போலத்தான் இருக்கும். ஆனால் இந்தப் பழக்கம் ஊன்றிய பிள்ளைகள் முதல் நுரையைக் கண்டதும் வேலை முடிந்ததாக நினைப்பதில்லை.

அப்படிக் கண்ணை ஓட்டும்போது என்னென்ன தெரியும்?

வெளிச்சுவரில் உள்ள வால்வின் கைப்பிடியைப் பாருங்கள். பால் வால்வில் கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்காக இருந்தால் அடைத்திருக்கிறது. கைப்பிடியைக் கழற்றி மாற்றி மாட்டியிருந்தால் இது தலைகீழாகிவிடும். ஆபத்து நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் "அடைத்துவிட்டேன்" என்று நம்பித் திறந்து வைப்பார். தேர்வுப் பலகையில் வைப்பதற்கு மிக எளிதான கோளாறு இது. கவனிக்காமல் விடுவதற்கும் எளிதானது.

ரெகுலேட்டரில் ஒரு சிறிய மூச்சுத் துளை இருக்கும். உள்ளே உள்ள சவ்வு மேலும் கீழும் அசைய வெளிக்காற்று போய்வர வேண்டும். அதன் மேல் பெயிண்ட் அடித்து அடைத்திருப்பார்கள். நம் ஊரில் பெயிண்டே தேவையில்லை. குளவி மண்கூடு கட்டிவிடும். துளை அடைபட்டால் அழுத்தத்தைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாது. அன்றைய சோதனையில் ஒரு நுரைகூட வராது.

அடுத்தது சுவர். குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் அதைச் சுற்றி ஸ்லீவ் என்னும் வெளிக்குழாய் இருக்க வேண்டும். அது இல்லாமல் நேரே சிமெண்ட் பூசியிருந்தால், ஈரமும் சிமெண்ட்டும் சேர்ந்து குழாயை மெல்ல அரிக்கும். சுவர் அசைந்தால் குழாயும் அசையும். ஒருநாள் சுவருக்குள்ளேயே கசிந்தால், எரிவாயு வெளியே தெரியாமல் பொந்து பொந்தாகப் போய் வேறு அறையில் தேங்கும். அதுபோலவே சுவருக்குள் மறைந்த இடத்தில் எல்போ, யூனியன் போன்ற இணைப்பு இருக்கவே கூடாது. பார்க்க முடியாத இணைப்பை யாரும் சோதிக்க முடியாது.

கிளாம்ப் விட்டுப்போன நீளக் குழாயைத் தட்டிப் பாருங்கள், ஆடும். ஆடுகிற குழாய் இன்றைக்குக் கசியாது. ஆனால் நம் வீடுகளில் அந்தக் குழாயில் துணிக் கொடி கட்டுவார்கள், சைக்கிளைச் சாய்ப்பார்கள், மாவிலைத் தோரணம்கூட மாட்டுவார்கள். ஒவ்வொரு இழுப்பும் மரையில்தான் போய் விழும். மின்சாரக் கம்பியைக் குழாயோடு சேர்த்துக் கட்டியிருப்பதும், இன்னும் மோசமாக எர்த் கம்பியைக் குழாயில் சுற்றியிருப்பதும் பழைய குடியிருப்புகளில் காண்பதுதான். இவை தேர்விலும் வரும்.

அடுப்புப் பக்கத்து வால்வு எங்கே இருக்கிறது? இப்போது எல்லா வீட்டிலும் மாடுலர் கிச்சன். தச்சர் வந்து அலமாரி அடித்துவிட்டுப் போனபின் வால்வு டிராயருக்குப் பின்னால் போய்விடுகிறது. மூன்று பாத்திரத்தை எடுத்து, டிராயரைக் கழற்றினால்தான் கை எட்டும். அவசரத்துக்கு எட்டாத வால்வும் கோளாறுதான். கதவில் காற்றுத் துளை இல்லாத அலமாரிக்குள் ஹோஸ் ஓடினால், அதைத் தனிக் கோளாறாகவே எழுத வேண்டும்.

கடைசியாக, உபயோகத்தில் இல்லாத கிளைக் குழாய். முனையில் ஒரு வால்வு இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். குழந்தை திருப்பினால் திறந்துகொள்ளும். வால்வுக்கு அப்பாலும் மரையில் பிளக் போட்டு அடைத்திருக்க வேண்டும்.

மேனோமீட்டர் பொய் சொல்லும் மூன்று இடங்கள்

இனி கருவியை எடுக்கலாம். வீட்டு அடுப்புக்கு வரும் இயற்கை எரிவாயுவின் அழுத்தம் 21 மில்லிபார். சிலிண்டர் ரெகுலேட்டர் தருவது ஏறத்தாழ 30 மில்லிபார். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தமே 1000 மில்லிபாருக்குச் சற்று மேல் என்பதால், வீட்டுக் குழாயில் இருப்பது அதில் 2 அல்லது 3 சதவீதம்தான். இவ்வளவு குறைந்த அழுத்தத்தைச் சாதாரண முள் கேஜ் சரியாகக் காட்டாது. அதனால்தான் தண்ணீர் ஊற்றிய யு வடிவக் குழாயை வைத்து அளக்கிறோம். 1 மில்லிபார் என்பது ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் தண்ணீர் உயரம். 21 மில்லிபாருக்கு 21 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான உயர வித்தியாசம் தெரியும்.

முதல் சிக்கல், படிப்பதில். யு குழாயில் ஒரு பக்கம் தண்ணீர் இறங்கினால் மறுபக்கம் ஏறும். இரண்டு மட்டங்களுக்கும் நடுவே உள்ள மொத்த வித்தியாசமே அழுத்தம். ஒரு பக்கம் ஏறியதை மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும். இறங்கியதையும் பாதியாகவே எழுதுவீர்கள். கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்து, வளைந்த மேற்பரப்பின் அடிப்பகுதியைப் படியுங்கள். சில கருவிகளில் ஒரு பக்கத்தைப் பார்த்தாலே முழு அழுத்தமும் வரும்படி அளவுகோலை அச்சிட்டிருப்பார்கள். அதனால் சோதனை தொடங்குமுன் அளவுகோல் எந்த வகை என்று பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, வால்வு. சோதனைக்காக மீட்டருக்கு முன்னால் உள்ள வால்வை அடைக்கிறோம். அந்த வால்வு முழுதாக அடையாமல் கொஞ்சம் எரிவாயுவை விட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? குழாயில் ஒரு பக்கம் கசிகிறது, மறுபக்கம் வால்வு வழியாக அதே அளவு நிரம்புகிறது. தண்ணீர் அசையாமல் நிற்கும். தேர்வாளர் எதிரில் நீங்கள் "கசிவு இல்லை" என்று எழுதுவீர்கள். பிரிட்டனில் எரிவாயு வேலை பார்ப்பவர்களுக்கு நடக்கும் தேர்வில் இதைக் கண்டுபிடிக்கவே முதலில் ஒரு படி வைத்திருக்கிறார்கள். அழுத்தத்தை 7 முதல் 10 மில்லிபார் அளவுக்கு மட்டும் ஏற்றி, வால்வை அடைத்து, ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். அழுத்தம் தானாக ஏறினால் வால்வு விடுகிறது என்று அர்த்தம். அது சரியான பிறகுதான் 20 அல்லது 21-க்கு ஏற்றி, ஒரு நிமிடம் நிலைபெற விட்டு, அடுத்த 2 நிமிடம் இறக்கத்தைப் பார்ப்பார்கள். நம் ஊரில் சோதனை அழுத்தமும் நேரமும் அந்தந்த நிறுவனத்தின் வேலைமுறைத் தாளில் இருக்கும். தேர்வில் அந்தத் தாளையே பின்பற்றுங்கள். ஆனால் "வால்வு முழுதாக அடைகிறதா?" என்ற கேள்வியை நீங்களாகவே எழுப்பினால், தேர்வாளர் உங்களை வேறு கண்ணோடு பார்ப்பார்.

மூன்றாவது, வெயில். இதைக் கேட்டபோது எனக்கே வியப்பாக இருந்தது. அடைபட்ட குழாயில் உள்ள காற்றின் வெப்பம் ஒரே ஒரு டிகிரி கூடினால், அழுத்தம் ஏறத்தாழ 3 மில்லிபார் கூடும். கல்லூரியில் படித்த வாயு விதிக் கணக்குதான்: மொத்த அழுத்தம் ஆயிரத்துச் சொச்சம், மொத்த வெப்பநிலை கெல்வினில் ஏறத்தாழ 300, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் மூன்றுக்குச் சற்று மேல் வரும். மொட்டை மாடியில் காலை பத்து மணி வெயிலில் சூடேறிக்கொண்டிருக்கும் குழாயில் சிறு கசிவு இருந்தாலும், வெப்பம் அதை ஈடுகட்டிவிடும். மாலையில் குளிர்ந்து வரும் குழாயோ கசிவே இல்லாமல் இறங்கிக் காட்டும். அதனால்தான் நிலைபெறும் நேரத்தை யாரும் குறுக்கக் கூடாது. கையால் குழாயைப் பிடித்துக்கொண்டே நிற்பதும் கூடாது.

சோப்பும் மூக்கும்

அழுத்தம் இறங்குகிறது என்று தெரிந்த பிறகு, எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் சோப்புத் தண்ணீர். தூரிகையால் இணைப்பைச் சுற்றி முழுதும் பூச வேண்டும். மேல்பக்கம் மட்டும் பூசினால் அடியில் கசிவது தெரியாது. சிறு கசிவு உடனே குமிழி விடாது. ஒரு நிமிடம் பொறுத்தால் வெள்ளையாக நுரை திரளும். பெரிய கசிவோ சோப்பையே ஊதித் தள்ளிவிடும், குமிழியே வராது. அந்த இடத்தைச் சரியான இணைப்பு என்று நினைத்துத் தாண்டிப் போனவர்கள் உண்டு. வேலை முடிந்ததும் சோப்பைத் துடைத்துவிட வேண்டும். சில சோப்புக் கரைசல்கள் பித்தளையை நாளடைவில் கெடுக்கும்.

தீக்குச்சியைக் கொளுத்திப் பார்ப்பவர்களைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. இன்றும் செய்கிறார்கள். தேர்வுக்கூடத்தில் பையில் லைட்டர் இருந்தாலே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

மூக்கை நம்பலாமா? எரிவாயுவுக்குச் சொந்த வாசனை கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காக மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மத்தைக் கலக்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் 1937 மார்ச் 18-ஆம் தேதி, தளத்துக்கு அடியில் வாசனையில்லாத எரிவாயு கசிந்து தேங்கி வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் வாசனை சேர்ப்பது அங்கே சட்டமானது. ஆனால் அந்த நாற்றத்தில் சிறிது நேரம் இருந்தால் மூக்கு மரத்துப்போகும். அதே அடுப்படியில் காலையிலிருந்து நிற்கும் அம்மாவுக்குத் தெரியாத வாசனை, வெளியிலிருந்து வருபவருக்கு வாசலிலேயே தெரியும். வீட்டுக்குள் போகும்போதே மூக்கைக் கேளுங்கள், ஆனால் மூக்கு சொன்னதைச் சோதனை முடிவாக எழுதாதீர்கள்.

இதோடு சேர்ந்தது இன்னொரு கேள்வி. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, மேலே போய்க் கூரையடியில் சேரும். ஆகவே காற்றுப் போக்கு ஒன்றுக்குத் தரையோரம் வேண்டும், மற்றதற்கு உயரத்தில் வேண்டும். சிலிண்டரிலிருந்து குழாய் கேஸுக்கு மாறிய வீட்டில் தரையோரத் துளையைக் காட்டி "காற்றோட்டம் உண்டு" என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. அதே வீட்டில் அடுப்பின் ஜெட்டையும் மாற்றியிருக்க வேண்டும். இயற்கை எரிவாயுவுக்கு ஜெட் துளை பெரிதாக இருக்கும். மாற்றாவிட்டால் சுடர் குன்றி எரியும். பர்னர் வரை கண்ணை ஓட்ட வேண்டும் என்று முதலில் சொன்னது இதற்காகத்தான்.

மரையிலும் நட்டிலும் ஒளிந்திருப்பவை

இணைப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இவை நம் பிள்ளைகளே செய்யும் தவறுகள். தேர்வாளரும் அவற்றைத்தான் பலகையில் வைக்கிறார்.

டெஃப்லான் டேப்பை மரை சுற்றும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் இறுக்கும்போது அவிழ்ந்து சுருண்டு வெளியே வரும். முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். நுனி வரை சுற்றினால் கிழிந்த துணுக்கு உள்ளே போய் பர்னர் ஜெட்டை அடைக்கும். தண்ணீர்க் குழாய்க்கு வாங்கும் மெல்லிய டேப்பை எரிவாயுக்கு எடுக்கக் கூடாது. யூனியனிலும் செம்புக் குழாயின் ஃப்ளேர் இணைப்பிலும் டேப் சுற்றியிருந்தால், செய்தவருக்கு வேலை தெரியவில்லை என்று பொருள். அந்த இணைப்புகளில் அடைப்பது மரை இல்லை. உள்ளே ஒன்றோடொன்று பொருந்தும் முகங்கள்தான் அடைக்கின்றன.

எல்போ சற்று அதிகமாகத் திரும்பிவிட்டது, திசை ஒத்துவரவில்லை. பிள்ளை என்ன செய்கிறான்? கொஞ்சம் பின்னால் திருப்பி நேராக்கிவிடுகிறான். இறுகிய அடைப்பு அங்கேயே தளர்ந்துவிட்டது. அன்று சோதனையில் நிற்கலாம். கழற்றித் துடைத்துப் புதிதாகச் சுற்றித்தான் மாட்ட வேண்டும். இதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியுமா? டேப் வெளியே பிதுங்கி நிற்கும் விதத்தைப் பார்த்து ஆசிரியர் சொல்லிவிடுகிறார். பழக்கம்தான்.

பித்தளை நட்டை அளவுக்கு மீறி இறுக்குவது இன்னொன்று. "இன்னும் அரைச் சுற்று இறுக்கினால் நல்லது" என்ற எண்ணம் நம்மவர்களுக்கு உண்டு. லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பு 1968-இல் புதிதாகக் குடியேறிய கட்டடம். அவ்வாண்டு மே 16 அதிகாலை, 18-ஆம் மாடியில் ஒரு பெண்மணி தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தார். தேங்கியிருந்த எரிவாயு வெடித்தது. சுவர் பெயர்ந்து, கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. 4 பேர் இறந்தனர். அடுப்பைப் பற்றவைத்தவர் உயிர் பிழைத்தார். விசாரணையில், ஹோஸை அடுப்போடு இணைத்த தரம் குறைந்த ஒரு பித்தளை நட்டு உடைந்ததுதான் கசிவுக்குக் காரணம் என்று தெரிந்தது. கட்டடம் அப்படிச் சரிந்ததற்கு அதன் கட்டுமான முறையே காரணம், அது வேறு விஷயம். நாம் பார்க்க வேண்டியது நட்டை. உடைவதற்கு முந்தைய நாள் அதில் சோப்பு பூசியிருந்தால் நுரை வந்திருக்குமா? வராமலே இருந்திருக்கலாம். நட்டைக் கையில் எடுத்து, அதன் தடிமனையும் தரமுத்திரையையும் பார்ப்பவருக்குத்தான் அது தெரிந்திருக்கும்.

ஹோஸுக்கும் இதே கண் வேண்டும். ஐஎஸ் 9573 என்று அச்சிட்ட, உள்ளே கம்பி வலை பின்னிய ரப்பர் ஹோஸ்தான் மாட்ட வேண்டும். நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது, நடுவில் ஒட்டுப் போடக் கூடாது, சுவரையோ கதவையோ கடந்து போகக் கூடாது, அடுப்பின் சூடு படும்படி பின்னால் வளைந்து கிடக்கக் கூடாது. அதன் மேல் அச்சிட்ட ஆண்டைப் பார்த்து 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தேர்வில் புத்தம் புதிதாகப் பளபளக்கும் பச்சைப் பிளாஸ்டிக் டியூபை மாட்டி வைப்பார்கள். கசியாது. பிள்ளைகள் தாண்டிப் போய்விடுவார்கள்.

கண்டுபிடித்தபின் என்ன?

இங்கேதான் பாதி மதிப்பெண் இருக்கிறது என்கிறார்கள் தேர்வாளர்கள். ஆபத்தான கோளாறைக் கண்டால் முதல் வேலை வால்வை அடைப்பது. ஸ்பேனர் எடுப்பது அதற்குப் பிறகுதான். கசிவு இருந்தால் சன்னலைத் திறக்க வேண்டும். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. பிறகு படிவத்தில் எழுத வேண்டும்: எந்த இடம், என்ன கோளாறு, இப்போதே ஆபத்தா, பின்னால் ஆபத்தாகக்கூடியதா, என்ன செய்தேன். "பைப் சரியில்லை" என்று எழுதினால் பயனில்லை. "மீட்டருக்குப் பின் இரண்டாவது எல்போவில் கசிவு; வால்வு அடைக்கப்பட்டது" என்று எழுதினால், படிக்கிறவர் நேராக அந்த இடத்துக்குப் போவார். நம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே இப்படி எழுதப் பழக்கம் குறைவு. தினமும் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள்.

வாய்மொழித் தேர்வில் தவறாமல் வரும் கேள்வி: "நீ சப்ளையை நிறுத்த வேண்டும் என்கிறாய். வீட்டுக்காரர், நாளைக்கு வீட்டில் நிக்காஹ், இருபது பேருக்குச் சமையல், இன்றைக்கு மட்டும் விட்டுவிடு தம்பி என்கிறார். என்ன செய்வாய்?" பல பிள்ளைகள் விழிக்கிறார்கள். ஏனென்றால் கேட்பவர் ஒரு பெரியவர். மாமா என்றோ காக்கா என்றோ அழைத்துப் பழகிய முகம். பிரிட்டனில் உடனடி ஆபத்து என்று வகைப்படுத்திய இணைப்பைத் துண்டிக்க வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால், பிட்டர் சண்டை போடுவதில்லை. அவசர சேவைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவார், சட்டப்படி அதிகாரம் உள்ளவர்கள் வந்து பார்த்துக்கொள்வார்கள். நம் பிள்ளைகளும் அப்படித்தான் செய்ய வேண்டும். குரலை உயர்த்தாமல் ஆபத்து என்ன என்று சொல்லுங்கள். எழுதிக் கொடுங்கள். நிறுவனத்தின் அவசர எண்ணுக்கு அங்கேயே நின்று தெரிவியுங்கள். சிலிண்டர் வீடாக இருந்தால் 1906 என்ற எண் இருக்கிறது. கல்யாண வீட்டுக்கு அன்று வெளியிலிருந்து சாப்பாடு வரவழைத்துக்கொள்ளலாம். படிவத்தில் போடும் கையெழுத்து ஒரு சாட்சியம். பார்க்காததைப் பார்த்ததாகவும், இருப்பதை இல்லையென்றும் அதில் எழுத முடியாது.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பயிற்சி முடித்த பையனை உடனே உறவினர் வீடுகளுக்கு அனுப்பி "கேஸ் லைனைக் கொஞ்சம் மாற்றிக் கொடு" என்று கேட்காதீர்கள். குழாய் எரிவாயு இணைப்பில் நிறுவனத்தின் அனுமதியில்லாமல் யாரும் கை வைக்கக் கூடாது. பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், அது போதும். மீட்டர் முதல் அடுப்பு வரை கைகளைக் கட்டிக்கொண்டு ஒருமுறை அவன் நடந்து பார்த்தால், அவனுக்குத் தேர்வுப் பயிற்சியாகவும் இருக்கும், உங்களுக்கு ஹோஸ் எந்த ஆண்டு வாங்கியது என்றும் தெரிந்துவிடும்.

கோளாறு வைத்த மாதிரிப் பலகை ஒன்று அறக்கட்டளை அலுவலக மாடியில் இருக்கிறது. அதில் காற்றழுத்தம் மட்டுமே ஏற்றப்படுகிறது, எரிவாயு இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் காலை 10 மணி முதல் லுஹர் தொழுகை வரை ஆசிரியர் இருப்பார். வாராவாரம் கோளாறுகளை மாற்றி வைப்பார். தங்கள் வீட்டு இணைப்பைத் தாங்களே பார்க்கக் கற்க விரும்பும் சகோதரிகளுக்கு அதே நாளில் அஸருக்குப் பின் தனி நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது. பென்சிலும் ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டு வரவும்.